சீட்டை எண்ணுங்கள், கப்பலை அப்புறம் பார்க்கலாம்: பழைய பக்கனீரை வாங்கி ஆடுவது எப்படி

எங்கள் வீட்டில் பக்கனீர் பெட்டி இரண்டு இருக்கிறது. ஒன்றை இணையத்தில் 18 பவுண்டு கொடுத்து வாங்கி ஏமாந்தேன். இன்னொன்று இங்கிலாந்தில் நான் இருக்கும் லீட்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் 6 பவுண்டுக்குக் கிடைத்தது. மைதானத்தில் வரிசையாகக் காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்து வைத்து, வீட்டுப் பழைய சாமான்களை விற்பார்கள். கார் பூட் சேல் என்று பெயர். பையனுக்கு மழைக்கோட்டு தேடிப் போனவள், கப்பல் படம் போட்ட பெட்டியோடு திரும்பினேன். மழைக்கோட்டு இன்னும் வாங்கவில்லை.

தெரியாதவர்களுக்கு: பக்கனீர் என்பது கடற்கொள்ளையர் விளையாட்டு. 1938-ல் வாடிங்டன்ஸ் வெளியிட்டது. மோனோபொலியை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த அதே லீட்ஸ் நிறுவனம்தான். பிற்பாடு 1949-ல், கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் விளையாட்டான க்ளூடோவையும் போட்டார்கள். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் ஜெர்மானியச் சிறையிலிருந்து தப்பிக்கும் வீரர்களுக்காகப் பட்டுத்துணியில் வரைபடம் அச்சடித்துக் கொடுத்ததும் இவர்கள்தான். நான் குடியிருக்கும் ஊரின் சரக்கு என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம்.

கடலில் கப்பல் விட்டு, புதையல் தீவிலிருந்து சரக்கு எடுத்து, உங்கள் துறைமுகத்தில் 20 புள்ளிக்குச் சேர்த்துவிட்டால் ஜெயித்தீர்கள். பகடை கிடையாது. தாயம் விழாமல் மூன்று சுற்று சும்மா உட்கார்ந்திருக்கும் எரிச்சல் இதில் வராது. பகடை செய்யும் வேலை முழுவதையும் ஒரு சின்னச் சீட்டுக்கட்டு செய்கிறது. நான் ஏமாந்த இடமும் அதுதான்.

வாங்கும்போது

இணையத்தில் விற்றவர் ‘எல்லாம் இருக்கிறது’ என்று எழுதியிருந்தார். படத்தில் கப்பல்கள் அழகாக வரிசை கட்டி நின்றன, பெட்டி பளபளவென்றிருந்தது. வந்து பிரித்தால் ஆள் சீட்டில் ஐந்து குறைந்தது, அதில் நான்கு சிவப்பு. திருப்பி அனுப்பும் செலவுக்கு இன்னொரு பெட்டியே வாங்கலாம் என்பதால் விட்டுவிட்டேன்.

ஆள் சீட்டு என்பது எங்கள் வீட்டுப் பெயர். கப்பலில் வேலை பார்க்கும் கொள்ளையர் படம் போட்ட சீட்டுகள் அவை. மொத்தம் 36. சிவப்பு 18, கறுப்பு 18. ஒவ்வொரு நிறத்திலும் 1, 2, 3 என்று மதிப்பு, ஒவ்வொரு மதிப்பிலும் ஆறு சீட்டு. நேரில் வாங்கினால் பெட்டியைத் திறந்து அங்கேயே நிறம் பிரித்து, ஆறாறாக அடுக்கிப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இணையத்தில் வாங்குவதாக இருந்தால், இப்படி அடுக்கி வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கப்பல் ஒன்று குறைந்தால் கவலையே இல்லை, சட்டைப் பொத்தானை வைத்து ஆடலாம். புதையல் துண்டு குறைந்தாலும் சமாளிக்கலாம். எங்கள் பெட்டியில் வைரம் ஒன்று காணவில்லை என்று கற்கண்டு வைத்தேன். ஆட்டம் பாதியில் இருக்கும்போது என் பையன் 5 புள்ளியைத் தின்றுவிட்டான். இப்போது அந்த இடத்தில் பழைய தோட்டின் கல் இருக்கிறது. ரம் பீப்பாய்க்கு ஏலக்காய் ரொம்பப் பொருத்தம், வாசனையும் நன்றாக இருக்கும். முத்து மட்டும் கொஞ்சம் தொல்லை. உருண்டு ஓடி சோபாவுக்கு அடியில் போய்விடும். சந்தையில் வாங்கிய பெட்டியில் முத்து குறைந்ததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

சரி, சீட்டு குறைந்த பெட்டி ஏற்கெனவே உங்கள் கையில் இருந்தால்? சிவப்பு 3 ஒன்று இல்லையென்றால், கறுப்பு 3 ஒன்றையும் எடுத்து ஒதுக்கிவிடுங்கள். இரண்டு நிறமும் சமமாக இருக்கும்வரை ஆட்டம் கெடாது. இரண்டு மூன்று ஜோடி வரை இப்படிக் கழிக்கலாம். அதற்கு மேல் போனால் ஆட்கள் போதாமல் கடல் காலியாகிவிடும். இன்னொரு பெட்டியிலிருந்து சீட்டை எடுத்துச் சேர்த்துவிடலாமே என்று நானும்தான் நினைத்தேன். என் இரண்டு பெட்டிகளும் வேறு வேறு வருடத்துப் பதிப்பு, சீட்டின் முதுகு ஒன்று போல் இல்லை. முதுகைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிட்டால் அப்புறம் என்ன ஆட்டம்! கப்பல், முத்து, பீப்பாயை மட்டும் கலந்துகொண்டேன்.

மிகப் பழைய பதிப்பில் மடிக்கிற அட்டை கிடையாது, சுருட்டி வைக்கிற விரிப்புதான். பெட்டியும் நீளமாக இருக்கும். அழகான பொருள், ஆனால் விரித்தவுடன் இரண்டு பக்கமும் சுருண்டுகொள்ளும் என்பதால் நாலு மூலைக்கும் ஏதாவது கனம் வைக்க வேண்டும். ஆடுவதற்கு என்று வாங்கினால் 1970-களின் அட்டைப் பதிப்பே போதும்.

பரணில் கிடந்த பெட்டிகளுக்கு ஒரு ஈர வாடை இருக்கும். மதுரையாக இருந்தால் மொட்டை மாடியில் நிழலாகப் பார்த்து ஒரு மணி நேரம் வைத்தால் போய்விடும். இங்கே நான் செய்தது: பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் பெட்டியைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சமையல் சோடா கொட்டி, மூடி ஐந்து நாள் விட்டேன். முக்கால்வாசி வாடை போனது. பலகை மடிப்பில் கிழிந்திருந்தால் செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். புத்தகம் பைண்டிங் செய்பவர்கள் முதுகுக்கு ஒட்டும் துணிப் பட்டை கிடைக்கும். அதை அடிப்பக்கமாக ஒட்டினால் மேலே ஒன்றும் தெரியாது.

பலகையை வைப்பது

பலகை முழுக்கக் கடல், கட்டம் கட்டமாக 20-க்கு 20. நடுவில் புதையல் தீவு. கொஞ்சம் தள்ளி கொள்ளையர் தீவும் தட்டைத் தீவும். ஓரங்களில் லண்டன், ஆம்ஸ்டர்டாம், ஜெனோவா, வெனிஸ், மார்செய், காடிஸ் என்று ஆறு துறைமுகம், அப்புறம் மூன்று குடாக்கள். உலக வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள், தலை சுற்றும். என் மாமனார் முதல் நாள் அதைத்தான் செய்தார்.

ஆளுக்கு ஒரு துறைமுகம், ஒரு கப்பல், ஐந்து ஆள் சீட்டு. கையில் இருக்கும் சீட்டை மற்றவருக்குக் காட்டக் கூடாது. யாரும் எடுக்காத துறைமுகங்கள் வியாபாரத் துறைமுகங்கள், ஆள் சீட்டைக் கொடுத்து அதே மதிப்புக்குப் புதையல் வாங்கும் இடம். அங்கே இரண்டிரண்டு ஆள் சீட்டை வைத்து, சீட்டும் புதையலும் சேர்ந்து மொத்த மதிப்பு 8 வரும்படி புதையலையும் வைக்க வேண்டும். வைரமும் மாணிக்கமும் 5, தங்கக் கட்டி 4, முத்து 3, ரம் பீப்பாய் 2. எந்த இரண்டு சீட்டு வந்தாலும் கணக்கு சரியாக விழும். மூன்றும் மூன்றும் வந்தால் ஒரு பீப்பாய். ஒன்றும் இரண்டும் வந்தால் ஒரு மாணிக்கம். ஒன்றும் ஒன்றும் வந்தால் இரண்டு முத்து. யாரோ உட்கார்ந்து நன்றாக யோசித்திருக்கிறார்கள். மிச்ச ஆள் சீட்டு கொள்ளையர் தீவில் கவிழ்ந்து கிடக்கும், மிச்சப் புதையலும் சான்ஸ் கார்டுகளும் புதையல் தீவில்.

நாலு பேர் ஆடினால்தான் ருசி. இரண்டு பேர் ஆடினால் கடல் ரொம்பப் பெரிதாகிவிடும், ஒருவரையொருவர் பார்க்காமலே ஆட்டம் முடிந்துவிடும்.

நகர்வது

கையில் இருக்கும் எல்லாச் சீட்டின் மதிப்பையும் நிறம் பார்க்காமல் கூட்டுங்கள். வரும் எண்தான் உங்கள் வேகம். 10 வந்தால் 10 கட்டம் வரை போகலாம், குறைவாகவும் போகலாம். ஆனால் கப்பலின் மூக்கு பார்த்திருக்கும் திசையில் நேராக மட்டும். குறுக்குவாட்டமும் சேர்த்து எட்டுத் திசை. போய்ச் சேர்ந்த பிறகு மூக்கைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். துறைமுகத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கிளம்பலாம்.

புதிதாக ஆடுபவர்கள் எல்லோரும் தடுக்கி விழுவது இந்த மூக்கில்தான். கப்பலை எங்கே நிறுத்துகிறோம் என்று பார்ப்பார்கள், எந்தப் பக்கம் திருப்பி நிறுத்துகிறோம் என்று பார்க்க மாட்டார்கள். அடுத்த முறை திரும்புவதற்கே ஒரு வாய்ப்பு வீணாகிவிடும். என் பையனுக்கு நான் சொல்லிக்கொடுத்தது: கையைக் கப்பலிலிருந்து எடுக்கும் முன் ‘அடுத்து எங்கே?’ என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள். அவன் சத்தமாகக் கேட்டுக்கொள்வதால் அவன் எங்கே போகப் போகிறான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அது வேறு விஷயம்.

புதையல் தீவின் கரையைத் தொட்டால் சான்ஸ் கார்டு ஒன்று எடுக்கலாம். நல்லதும் இருக்கும், கெட்டதும் இருக்கும். ‘5 மதிப்பு வரை புதையல் எடுத்துக்கொள்’ என்று வரலாம். காற்றடித்து உங்களை ஒரு குடாவில் கொண்டுபோய்த் தள்ளலாம். மஞ்சள் காய்ச்சல் வந்தால், ஏழு சீட்டுக்கு மேல் வைத்திருப்பவர்கள் எல்லோரும் மிச்சத்தைக் கொள்ளையர் தீவில் புதைக்க வேண்டும். அதனால் ஆளைச் சேர்த்துக்கொண்டே போகிற பேராசைக்காரர்களுக்கு ஆபத்து உண்டு. ‘கிட்டின் வரைபடம்’ என்று ஒரு கார்டு இருக்கிறது. கொள்ளையர் தீவின் மறுபக்கத்தில் நங்கூரம் போட்ட கட்டத்துக்குப் போனால் 7 மதிப்புக்குப் புதையல். யார் இந்தக் கிட் என்று மாமா கேட்டார். வில்லியம் கிட், 1698-ல் நம் கொச்சிக்கு அப்பால் ஒரு பெரிய வணிகக் கப்பலைப் பிடித்தவன், 1701-ல் லண்டனில் தூக்கில் போட்டார்கள் என்றேன். “கொச்சி வரைக்கும் வந்தவனுக்கு இந்தப் பலகையில ஒரு துறைமுகம் போடக் கூடாதாம்மா?” என்று நெடுநேரம் குறைபட்டுக்கொண்டார்.

கப்பலில் இரண்டு புதையல்தான் ஏறும். இதை மறக்காதீர்கள். எவ்வளவு விலை உயர்ந்ததை ஏற்றினாலும் ஒரு நடைக்கு 10 புள்ளிக்கு மேல் வராது. குறைந்தது இரண்டு நடை போக வேண்டும். நடுக்கடலில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அந்த இரண்டையும் வீடு கொண்டுவந்து சேர்ப்பதுதான் பாடு.

சண்டை

வேகத்துக்கு நிறம் பார்க்கவில்லை அல்லவா, சண்டைக்கு நிறம்தான் எல்லாம். சிவப்பைத் தனியாகக் கூட்டுங்கள், கறுப்பைத் தனியாகக் கூட்டுங்கள், பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். மிச்சம்தான் உங்கள் பலம். ஒரே கப்பலில் சிவப்புக் கூட்டமும் கறுப்புக் கூட்டமும் இருந்தால் அவர்களுக்குள்ளேயே அடித்துக்கொள்வார்கள் என்று அர்த்தம். ஒரே கட்டத்தில் சந்தித்தாலோ, ஒருவர் பாதையை இன்னொருவர் கடந்தாலோ சண்டை போடலாம். துறைமுகத்துக்குள் சண்டை இல்லை. தோற்றவர் சரக்கைக் கொடுக்க வேண்டும், சரக்கு இல்லாவிட்டால் மதிப்புக் குறைந்த ஆட்கள் இரண்டு பேரை. சமமாக வந்தால் எங்கள் வீட்டில் இருவரும் அவரவர் வழியே போய்விடுவோம்.

இந்தக் கணக்கைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, ஒருமுறை அடி வாங்க வேண்டும். நான் வாங்கிய அடியைச் சொல்கிறேன்.

மாமா மதுரையிலிருந்து ஆறு மாதம் வந்திருந்தார். பகல் முழுக்க ரம்மிக்கு ஆள் தேடுவார். இந்த ஊரில் யார் கிடைப்பார்கள்? சரி என்று பக்கனீரில் இழுத்துவிட்டேன். மூன்றாவது ஆட்டம் அது. அவர் கப்பல் 12 கட்டம் பாய்ந்து ஆம்ஸ்டர்டாமுக்குள் நுழைந்தது. அவர் கையில் அப்போது சிவப்பு 3, சிவப்பு 2, கறுப்பு 3, கறுப்பு 3, கறுப்பு 1 இருந்தது என்று பிறகு தெரிந்தது. வேகம் 12. பலமோ, கறுப்பு 7-இல் சிவப்பு 5 போனால் வெறும் 2. என்னிடம் சிவப்பு 3 இரண்டு, கறுப்பு 1 இரண்டு. வேகம் 8, பலம் 4. அந்த நொடியில் மோதியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.

ஆம்ஸ்டர்டாமில் ஒரு மாணிக்கம் கிடந்தது. விலை 5. மாமா நிதானமாக இரண்டு சிவப்புச் சீட்டையும் உருவி மேசையில் வைத்துவிட்டு மாணிக்கத்தை எடுத்துக்கொண்டார். மூன்றே ஆள் மிச்சம். நான் உள்ளுக்குள் சிரித்தேன். கிழவர் கப்பலைக் காலி செய்துவிட்டார், சரக்கும் ஏற்றியிருக்கிறார், பிடித்துவிடலாம் என்று என் தங்கக் கட்டியோடு போய் அவர் வழியில் நின்றேன்.

அவர் கையை விரித்தார். மூன்றும் கறுப்பு. 7.

ஆளைக் குறைத்ததால் வேகம் 12-லிருந்து 7-க்கு இறங்கியது, பலம் 2-லிருந்து 7-க்கு ஏறியது. கூடவே ஒரு மாணிக்கம். “வேண்டாத சீட்டைக் கழிச்சாத்தானேம்மா கை சேரும்” என்றார், ரம்மி ஆடுகிற அதே முகத்தோடு. என் தங்கக் கட்டி அவர் கப்பலில் ஏறியது.

ஆகவே எந்த நிறம் அதிகம் என்று முதலிலேயே முடிவுசெய்து, மற்ற நிறத்தைப் பணமாக நினையுங்கள். கிடைக்கிற முதல் துறைமுகத்தில் அதைக் கொடுத்துச் சரக்கு வாங்குங்கள். ஆனால் புதையல் தீவை நோக்கிப் போகும்போது இரண்டு நிறமும் இருக்கட்டும், காலிக் கப்பலுக்கு வேகம்தான் முக்கியம். திரும்பி வரும்போதுதான் ஒரே நிறம் வேண்டும். அப்புறம், அடுத்தவர் துறைமுகத்தில் என்ன நிறத்தை இறக்கினார் என்று கண்டிப்பாகப் பாருங்கள். அவர் நகர்கிற கட்டத்தை எண்ணினால் கையில் குறைந்தது எவ்வளவு இருக்கிறது என்று தெரியும், இறக்கிய நிறம் தெரிந்தால் மீதியும் ஓரளவு பிடிபடும். மாமா என் கையைப் பார்க்காமலே சொல்லுவார்.

வீட்டில் சேர்த்த பிறகும் தூங்கக் கூடாது

உங்கள் துறைமுகத்தில் சேர்த்த புதையல் உங்களுடையது என்று நினைத்தால் தப்பு. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து, அதே மதிப்புக்கு ஆள் சீட்டை வைத்துவிட்டு எடுத்துப் போகலாம். உங்கள் சம்மதம் தேவையில்லை. 18 புள்ளியில் சந்தோஷமாக இருக்கும்போது இது நடந்தால் அழுகை வரும். என் பையனுக்கு வந்தது.

தப்பிக்க வழி: ஒரே வகையில் மூன்று சேர்ந்தால் அவற்றை எடுத்துப் பத்திரப்படுத்திவிடலாம், அப்புறம் யாரும் தொட முடியாது. மூன்று மாணிக்கம் என்றால் 15, அதற்கு மேல் ஒரே ஒரு வைரம் போதும். ஆனால் எல்லோருக்கும் கண் அதில்தான். நான் முத்தைக் குறிவைப்பேன். மூன்று முத்து 9 புள்ளிதான், ஆனால் யாரும் போட்டிக்கு வருவதில்லை. பீப்பாயைச் சேர்க்காதீர்கள். மூன்று சேர்த்தாலும் 6, அதற்கு இரண்டு நடை வேண்டும்.

ஒரு ஆட்டம் எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் 20-க்குப் பதில் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்து வைக்கும்போது முத்தை ஒரு மூடி போட்ட டப்பியில் போடுங்கள், மாத்திரை டப்பி போதும். சீட்டை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், ஓரம் வளையும். காகிதத்தில் சுற்றி வையுங்கள். சுற்றும் முன் 36 எண்ணுங்கள், ஒவ்வொரு முறையும். மாமா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் எண்ணியபோது 35 தான் இருந்தது. கறுப்பு 3 ஒன்று இல்லை. மேசைக்கு அடியில், சோபா இடுக்கில், துணி துவைக்கும் மெஷினில்கூடத் தேடினோம். கடைசியில் மாமாவின் சட்டைப் பையில், மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது.

“அவன் கப்பலை விட்டு ஓடிப்போனவன்மா, எனக்குத் தெரியாது” என்றார்.